4 கெல்வின் சாளரக் கிரையோஸ்டாட்டும் லேசர் குறுக்கீட்டுமானியும்: குமரி மாவட்ட ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு மதிப்பாய்வு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நுண்ணிய அதிர்விகளை உறைகுளிரில் வைத்து லேசரால் அளக்க விரும்பும் கல்லூரிக்கு, குமரி மாவட்டத்தில் பொருந்தி வருவது திரவ ஹீலியம் கேட்காத, உள்ளே அடைத்த ஹீலியம் வாயுவையே கம்ப்ரசரால் சுற்றவிட்டுக் குளிரும் மூடிய சுழற்சிக் கிரையோஸ்டாட்தான் (உறைகுளிர்க் கலம்). அதோடு சேர்த்து விற்கப்படும் ஆயத்த ஒளியியல் தலை வேண்டாம். ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்த்து நுண்ணிய நகர்வை அளக்கும் குறுக்கீட்டுமானியை உதிரி உறுப்புகளாக வாங்கி மேசையில் நாமே பூட்டிக்கொள்ளலாம். கிரையோஸ்டாட் வந்து இறங்குவதற்கு முன்பே அதை அறை வெப்பநிலையில் ஓட்டிப் பழகிவிடவும் வேண்டும். குளிரூட்டியை முதலில் வாங்கி ஒளியியலைப் பிறகு யோசிப்பவர்களுக்கு, சிக்கல் வரும்போது அது குளிரிலா, அதிர்விலா, ஒளியிலா என்று பிரித்துப் பார்க்கவே வழி இருக்காது.

ஜெர்மனியின் ஆட்டோகியூப் விற்கும் ஆட்டோட்ரை800, அமெரிக்காவின் மொன்டானா இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விற்கும் கிரையோஸ்டேஷன் ஆகியவை இவ்வகையில் பலரும் அறிந்த பெயர்கள். இங்கே எழுதுவது ஒரு குறிப்பிட்ட மாடலைப் பற்றி அல்ல. இவ்வகைக் கருவி எதுவானாலும், நாகர்கோவிலிலோ குளச்சலிலோ தக்கலையிலோ ஒரு தரைத்தள அறையில் வைத்து ஓட்டினால் எது நன்றாக நடக்கும், எது படுத்தும் என்பதைப் பற்றி.

எதை அளக்கப் போகிறோம்?

தொடக்கத்துக்கு மிக ஏற்ற மாதிரி சிலிக்கான் நைட்ரைடு சவ்வு. 1 மி.மீ. சதுரம், 50 நானோமீட்டர் தடிமன், சிலிக்கான் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பறைத்தோல் போன்றது. அதற்குள் இருக்கும் இழுவிசை சுமார் 1 கிகாபாஸ்கல். அடிப்படை அதிர்வெண் 400 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வரும். அதிரும் நிறை 40 நானோகிராமுக்குச் சற்றுக் குறைவு. விறைப்பு மீட்டருக்கு 250 நியூட்டன் அளவு. இந்த எண்களை வைத்து வெப்ப அதிர்வைக் கணக்கிட்டால், அறை வெப்பநிலையில் சவ்வின் நடுப்பகுதி சராசரியாக 4 பிக்கோமீட்டர் ஆடுகிறது. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் 2 பிக்கோமீட்டர். 4 கெல்வினில் அரை பிக்கோமீட்டர். ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டம் 100 பிக்கோமீட்டர் அளவு என்பதை நினைத்துக்கொண்டால், எதைத் தேடுகிறோம் என்பது புரியும்.

இவ்வளவு சிறிய ஆட்டத்தையும் பார்த்துவிட முடிவதற்குக் காரணம் அது ஒரே அதிர்வெண்ணில் குவிந்திருப்பதுதான். கியூ மதிப்பு, அதாவது அதிர்வு எவ்வளவு நேரம் அடங்காமல் நீடிக்கும் என்பதன் அளவு, பத்து லட்சம் என்றால் நிறமாலையில் அது காட்டும் உச்சியின் அகலம் 0.4 ஹெர்ட்ஸ். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் முழு ஆட்டமும் அடங்கிவிடுவதால், 4 கெல்வினிலும் உச்சியின் உயரம் ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு (இரைச்சலை ஒப்பிடும் அலகு) அரை பிக்கோமீட்டரைத் தாண்டும். மேசையில் பூட்டிய எளிய மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியில் 1 மில்லிவாட் சிவப்பு லேசர் ஒளிக்கு ஃபோட்டான் எண்ணிக்கையின் இயல்பான இரைச்சல் அதே அலகில் ஒரு ஃபெம்டோமீட்டர் (பிக்கோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான். ஒளியை 1 மைக்ரோவாட்டுக்குக் குறைத்தாலும் 40 ஃபெம்டோமீட்டர். உச்சி இரைச்சலுக்கு மேல் பத்து மடங்குக்கும் அதிகமாக நிற்கும். ஆக, ஒளியியல் பக்கம் அரிய கருவி எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது ஒழுங்கு.

ஏன் மூடிய சுழற்சி?

திரவ ஹீலியம் ஊற்றும் கிரையோஸ்டாட்டுகள் அதிர்வு குறைந்தவை, விலையும் குறைவு. 2018-இல் கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனத்தில் ஒரு நைட்ரைடு சவ்வை அதன் குவாண்டம் அடிநிலைக்கு அருகே, சராசரி 0.29 ஃபோனான் (அதிர்வின் மிகச் சிறிய ஆற்றல் துணுக்கு) வரை, லேசர் அளவீட்டையும், அளந்ததைக் கொண்டு உடனுக்குடன் திருத்தும் பின்னூட்டத்தையும் மட்டும் கொண்டு குளிர்வித்தபோது, கிரையோஸ்டாட் தந்தது ஏறத்தாழ 10 கெல்வின்தான். மீதிக் குளிரைத் தந்தது ஒளி. மில்லிகெல்வின் கருவி இல்லாமல் இந்தத் துறையில் நுழைய முடியாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஹீலியத்தின் ஆவியாதல் வெப்பம் லிட்டருக்கு 2.6 கிலோஜூல் மட்டுமே. 1 வாட் வெப்பம் உள்ளே கசிந்தால் மணிக்கு 1.4 லிட்டர் பறந்துவிடும். அதே 1 வாட் திரவ நைட்ரஜனில் ஒரு லிட்டரைத் தீர்க்க 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹீலியம் திரவமாக்கும் ஆலையும் ஆவியைத் திரும்பப் பிடிக்கும் குழாயும் பக்கத்திலேயே இல்லாத ஊரில், வெளியூரிலிருந்து டேங்கில் கொண்டுவந்து ஓட்டுவது ஆண்டு முழுவதும் நடக்காது. சவ்வின் கியூ மதிப்பை வெப்பநிலைக்கு எதிராக வரைய ஒரு முழு வாரம் குளிரில் இருக்க வேண்டியிருக்கும். அதற்கு மின்சாரத்தில் ஓடும் கருவிதான் வழி.

பணம் குறைவாக இருந்தால், வெட்கப்படாமல் 77 கெல்வினோடு தொடங்கலாம். கால்நடைத் துறையினர் உறைவிந்துக் குச்சிகளைக் காக்கத் திரவ நைட்ரஜனைத்தான் பயன்படுத்துகிறார்கள். எனவே மாவட்டத்துக்கு அது புதிய பொருளல்ல. உலோகங்களின் சுருக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு 77 கெல்வினுக்குள் முடிந்துவிடுகிறது. ஒளிக்கதிர் இடம் மாறுவது, கிளாம்ப் இறுகுவது, கம்பி அறுவது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகும் என்பதால், கதவை அடைத்த ஏசி அறையில் ஆக்சிஜன் அளவுமானி இல்லாமல் ஊற்றவே கூடாது.

சாளரம்: சிறிய துளை, பெரிய வெப்பம்

கிரையோஸ்டாட் பட்டியலில் எல்லோரும் பார்ப்பது அடிமட்ட வெப்பநிலையை. பார்க்க வேண்டியது சாளரம் திறந்திருக்கும்போது என்ன வெப்பநிலை என்பதை.

300 கெல்வினில் இருக்கும் எந்தப் பரப்பும் சதுர மீட்டருக்கு 460 வாட் வெப்பக் கதிர்வீச்சைத் தருகிறது. 25 மி.மீ. விட்டமுள்ள சாளரம் வழியே அறையின் கதிர்வீச்சு நேரடியாகக் குளிர்ந்த பகுதியில் விழுந்தால் 0.22 வாட். சிறிய, காற்றால் குளிரும் கம்ப்ரசரோடு வரும் கிஃபர்ட்-மக்மஹோன் தலை (பிஸ்டனால் இயங்கும் குளிரூட்டி) 4.2 கெல்வினில் தாங்கும் வெப்பமே 0.1 வாட். அதாவது சாளரம் ஒன்றே கருவியைத் தோற்கடித்துவிடும். 12 மி.மீ. துளையாகக் குறைத்தால் 0.05 வாட். இன்னும் நல்லது, 40 கெல்வின் அளவில் மாதிரியைச் சூழ்ந்திருக்கும் உட்கவசத்தில் இரண்டாவதாக ஒரு ஃப்யூஸ்டு சிலிக்கா சாளரத்தைப் பதிப்பது. ஃப்யூஸ்டு சிலிக்கா சிவப்பு ஒளியை முழுமையாக விடும். அறை வெப்பத்தின் கதிர்வீச்சு 10 மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சம் பெறுகிறது. அந்தக் கதிர்வீச்சைக் கண்ணாடி விழுங்கிக் கவசத்துக்குக் கடத்திவிடும். இந்த உட்சாளரத்தை விருப்பத்தேர்வு என்று பட்டியலில் தனியே போட்டிருப்பார்கள். அதை விருப்பமாக எண்ண வேண்டாம், கட்டாயம் எழுதி வாங்குங்கள். உட்சாளரத்தின் விளிம்பை இண்டியம் தகடு வைத்து அழுத்திப் பதித்திருக்க வேண்டும். வெறும் மோதிரத்தால் பிடித்திருந்தால் கண்ணாடி சரியாகக் குளிராமல் 150, 200 கெல்வினிலேயே நின்று, அதுவே ஒரு கதிர்வீச்சு மூலமாகிவிடும்.

சாளரத்தின் இரு முகங்களும் தங்களுக்குள் ஒளியை எதிரொளித்து, குறுக்கீட்டு வரிகளின் (கதிர்கள் சேரும்போது தோன்றும் ஒளி-இருள் பட்டைகளின்) மேல் வேறொரு வரியை ஏற்றும். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சும், முகங்களுக்கிடையே அரை டிகிரி ஆப்புச் சாய்வும் கேளுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் கிடைக்குமானால் ஆப்புச் சாய்வே போதும்.

அதிர்வு: கருவியின் பலவீனம் இங்கேதான்

கிஃபர்ட்-மக்மஹோன் குளிரூட்டியின் உள்ளே ஒரு பிஸ்டன் விநாடிக்கு ஒரு முறையோ இரு முறையோ மேலும் கீழும் போகிறது. பல்ஸ் டியூப் என்னும் இன்னொரு வகைக் குளிரூட்டியின் குளிர்முனையில் அசையும் பாகம் கிடையாது. ஆனாலும் அழுத்தம் மாறும்போது குழாய் விரிந்து சுருங்குகிறது. தடுப்பு எதுவும் இல்லாமல் குளிர்முனையின் நுனி சில மைக்ரோமீட்டர் ஆடும். 633 நானோமீட்டர் ஒளியில் ஒரு குறுக்கீட்டு வரி என்பது 316 நானோமீட்டர் நகர்வு. 5 மைக்ரோமீட்டர் ஆட்டம் என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் 16 வரிகள் ஓடும். குறுக்கீட்டுமானியை எந்தப் பின்னூட்டத்தாலும் நடுவரியில் (ஒளிக்கும் இருளுக்கும் நடுவே, உணர்திறன் உச்சமாக இருக்கும் புள்ளியில்) நிறுத்தி வைக்க முடியாது.

நல்ல கருவிகளில் மாதிரி மேடை குளிர்முனையோடு நேராகத் திருகப்பட்டிருக்காது. பின்னிய செம்பு இழைகள் வழியே வெப்பம் மட்டும் போகும். மேடை, கண்ணாடியிழைக் கால்களில் ஒளியியல் மேசையோடு சேர்ந்து நிற்கும். இப்படிச் செய்தால் ஆட்டம் சில பத்து நானோமீட்டருக்கு இறங்கும், பின்னூட்டம் தாங்கும். விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எத்தனை நானோமீட்டர், உச்சியிலிருந்து உச்சிவரையா அல்லது சராசரியா, எந்த அதிர்வெண் வரம்புக்குள், மேசைக்கு எதிராகவா தரைக்கு எதிராகவா? நான்குக்கும் பதில் இல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை.

400 கிலோஹெர்ட்ஸ் சவ்வுக்கு 1 ஹெர்ட்ஸ் ஆட்டம் எப்படித் தொல்லை தரும் என்று கேட்கலாம். நேரடியாகத் தராது. ஆனால் வரி நகர்ந்தால் அளவீட்டின் உணர்திறன் பூச்சியத்துக்கும் முழுமைக்கும் இடையே ஊசலாடும், உச்சியின் பரப்பு பொய்யாகும், அந்தப் பரப்பிலிருந்து கணக்கிடும் வெப்பநிலையும் பொய்யாகும். மூலகாரணம் தெரியாமல் சவ்வைக் குறை சொல்பவர்கள் உண்டு.

அளக்கும் நேரத்தில் கம்ப்ரசரை நிறுத்திவிடலாம் என்பது அடிக்கடி சொல்லப்படும் யோசனை. செம்பின் வெப்ப ஏற்புத்திறன் 4 கெல்வினில் மிக மிகச் சிறியது. ஒரு கிலோ செம்பு 4-லிருந்து 10 கெல்வினுக்கு ஏற 2.3 ஜூல் போதும். 50 மில்லிவாட் கசிந்தால் 46 விநாடி. நின்ற குளிர்முனை வழியே திரும்பி வரும் வெப்பத்தையும் சேர்த்தால் அதற்கும் குறைவு. ஒருமுறை அதிரவைத்து அடங்குவதைப் பதிவுசெய்ய அந்த நேரம் போதும். வெப்ப அதிர்வின் நிறமாலையைச் சராசரி எடுக்கப் போதாது.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி ஆடியில் அடிக்கும் காற்று, காற்றாலைகளுக்கு நல்லது. மாடிக் கட்டடங்களுக்கு நல்லதல்ல. கட்டடத்தின் அசைவு சில ஹெர்ட்ஸில் இருக்கும். காற்றுப்பைக் கால் கொண்ட ஒளியியல் மேசையும் அந்த அதிர்வெண்ணைத் தடுப்பதில்லை, தன் ஒத்ததிர்வில் சற்றுப் பெருக்கவும் செய்யும். தரைத்தளத்தில், கட்டடத்தின் நடுப்பகுதியில் உள்ள அறையே சரி. மின்விசிறி கூடாது. கதிர்ப்பாதை முழுவதையும் அக்ரிலிக் பெட்டியால் மூடுங்கள்.

குறுக்கீட்டுமானியை நாமே பூட்டுவது

ஆயத்தத் தலை ஏன் வேண்டாம் என்றதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. அவற்றில் பெரும்பாலும் உயர் உருப்பெருக்கப் பொருளருகு லென்ஸ் இருக்கும். மிட்டுட்டோயோவின் நீண்ட தூர 20 மடங்கு லென்ஸையே எடுத்துக்கொள்வோம். எண் துளை (ஒளியைத் திரட்டும் திறனின் அளவு) 0.42, வேலைத் தூரம் (லென்ஸுக்கும் மாதிரிக்கும் உள்ள இடைவெளி) 20 மி.மீ.; சாளரத்துக்கு வெளியிலிருந்தே மாதிரியைப் பார்க்கலாம், ஒளிப்புள்ளி 1 மைக்ரோமீட்டருக்குள் வரும். சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள நானோ விட்டங்களுக்கும் கான்டிலீவர்களுக்கும் இது வேண்டும். ஆனால் அதன் குவிய ஆழம் சில மைக்ரோமீட்டர்தான். செம்பு 300-லிருந்து 4 கெல்வினுக்குப் போகும்போது 0.32 விழுக்காடு சுருங்குகிறது. 100 மி.மீ. உயரத் தூண் 0.32 மி.மீ. கீழே இறங்கும். குவியம் காணாமலே போய்விடும், குளிரும்போது மணிக்கணக்கில் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

1 மி.மீ. சவ்வுக்கு 75 மி.மீ. குவியத்தூரமுள்ள சாதாரண அக்ரோமேட் லென்ஸ் போதும். 2 மி.மீ. கதிர் அதில் 30 மைக்ரோமீட்டர் புள்ளியாகக் குவியும், புள்ளியின் ஆழம் இரு பக்கமும் 1 மி.மீ. அளவு. 0.32 மி.மீ. இறக்கத்தைப் பொருட்படுத்த வேண்டியதே இல்லை. உள்ளே நகர்த்தும் பியசோ (மின்னழுத்தம் தந்தால் நுண்ணளவில் நீளும் பொருள்) மேடைகளும் தேவைப்படாது. லென்ஸை வெளியே மூவச்சு மேடையில் வைத்து நகர்த்தினால் போதும். பட்ஜெட்டில் மிகப் பெரிய சேமிப்பு இந்த ஒரு முடிவில் இருக்கிறது.

லேசருக்கு 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் குழாயையே பரிந்துரைக்கிறேன். தகவல்தொடர்பு அலைநீளமான 1550 நானோமீட்டர் எல்லா ஆய்வுக் கட்டுரைகளிலும் வருகிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 50 நானோமீட்டர் நைட்ரைடு சவ்வு 633-இல் ஏறத்தாழ 28 விழுக்காடு ஒளியைத் திருப்பும், 1550-இல் 8 விழுக்காடுதான். சிலிக்கானால் ஆன விட்டங்களை அளப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ்: சிலிக்கான் சிவப்பு ஒளியை விழுங்கிச் சூடாகும், 1550-இல் ஒளி ஊடுருவிப் போகும். அவர்கள் 1550-க்குத்தான் போக வேண்டும்.

பூட்டும் வரிசை இது. லேசருக்குப் பின் ஓர் அரை அலைத் தகடு (ஒளியின் துருவத் திசையைத் திருப்புவது), அதன்பின் துருவப் பிரிப்பான் கனசதுரம். அரை அலைத் தகட்டைத் திருப்பினால் இரு கைகளுக்கும் (பிரிந்த இரு ஒளிப்பாதைகளுக்கும்) போகும் ஒளியின் பங்கு மாறும். சவ்விலிருந்து திரும்புவது குறைவு என்பதால் அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் ஒளி கொடுங்கள். ஒவ்வொரு கையிலும் கால் அலைத் தகடு, 45 டிகிரியில். ஒரு கை லென்ஸ் வழியாகச் சவ்வுக்கு, மற்றது பியசோ வளையத்தில் ஒட்டிய சிறு கண்ணாடிக்கு. திரும்பும் இரு கதிர்களும் கனசதுரத்தின் நான்காம் முகத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்துத் துருவத்தில் வெளியேறும், லேசருக்குள் ஒளி திரும்பிப் போகாது. வெளியேறும் பாதையில் 22.5 டிகிரியில் இன்னோர் அரை அலைத் தகடு, இரண்டாவது துருவப் பிரிப்பான், இரண்டு ஃபோட்டோடயோடுகள். இரண்டின் வேறுபாட்டை எடுங்கள். லேசரின் பொது இரைச்சல் கழிந்துவிடும். வேறுபாடு பூச்சியமாகும் புள்ளியே உணர்திறன் உச்சமாக இருக்கும் நடுவரி. பின்னூட்டத்துக்குத் தனி இலக்கு மின்னழுத்தம் தேடவே வேண்டாம், பூச்சியத்தில் பிடித்து நிறுத்தினால் போதும்.

இரு கைகளின் நீளத்தை 2 செ.மீ.க்குள் சமமாக்குங்கள். ஹீலியம்-நியான் குழாய் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் (மிக நெருக்கமான அலைநீளங்களில்) ஒளிர்வதால் கைநீளம் பொருந்தாவிட்டால் வரிகளின் மாறுபாடு (ஒளி-இருள் வேறுபாடு) மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது குழாய் சூடாகும் வேகத்தில் நடப்பதால் கிரையோஸ்டாட் நகர்கிறது என்று தோன்றும். பியசோவில் ஒட்டும் கண்ணாடி 7 மி.மீ. விட்டத்துக்கு மேல் வேண்டாம். பெரிய கண்ணாடி பியசோவின் ஒத்ததிர்வைக் கீழே இழுத்து, பின்னூட்டத்தைச் சில நூறு ஹெர்ட்ஸிலேயே ஊளையிட வைக்கும். பின்னூட்ட வேகம் 1 கிலோஹெர்ட்ஸ் போதும். அது குளிரூட்டியின் துடிப்பைத் துரத்தும். 400 கிலோஹெர்ட்ஸ் குறிப்பலையைத் தொடாது.

அளவுத்திட்டம் கைவசமே இருக்கிறது. பியசோவை ஒரு வரிக்கு மேல் ஓட்டி, வேறுபாட்டின் உச்சிமுதல் உச்சிவரை மின்னழுத்தத்தைப் பாருங்கள். 4 வோல்ட் என்றால் நடுவரியில் ஒரு பிக்கோமீட்டருக்கு 40 மைக்ரோவோல்ட். அளவு குறிக்கும் தனிக் கருவி தேவையில்லை, லேசரின் அலைநீளமே அளவுகோல். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் இதைச் செய்து எழுதிவைக்க வேண்டும்.

மின்னணுவில் ஒரு கண்ணி இருக்கிறது. பல கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கும் எஸ்.ஆர். 830 லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் (ஒரே அதிர்வெண்ணின் குறிப்பலையை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் கருவி) 102 கிலோஹெர்ட்ஸ் வரைதான் போகும், 400 கிலோஹெர்ட்ஸ் சவ்வுக்கு உதவாது. ரெட் பிட்டாயா 125-14 என்னும் மின்னணுப் பலகையும், பாரீஸ் ஒளியியல் ஆய்வாளர்கள் இலவசமாகத் தந்திருக்கும் பைஆர்பிஎல் மென்பொருளும் சேர்ந்தால் லாக்-இன், பின்னூட்டம், அதிர்வெண் வருடல் மூன்றையும் ஒரே பலகையில் செய்யலாம். மாணவர்கள் உள்ளே புகுந்து மாற்றிப் பார்க்கவும் முடியும். இதைக் கண்டிப்பாக வாங்குங்கள்.

சவ்வைப் பொருத்துதல்

சட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் பிடியுங்கள். நான்கு மூலையையும் இறுக்கினால் அதிர்வின் ஆற்றல் பிடிவழியே ஓடி, கியூ பத்து லட்சத்திலிருந்து பத்தாயிரங்களுக்கு இறங்கிவிடும். குளிர்ந்தபின் செம்பின் சுருக்கம் சட்டத்தை வளைத்து அதிர்வெண்ணையும் நகர்த்தும். அடியில் மிக மெல்லிய அபீசான் என் கிரீஸ் வெப்பத் தொடர்புக்குப் போதும்.

சவ்வின் பின்புறத்தில் காற்று அடைபட்டிருக்கக் கூடாது. மேடையில் ஒரு பள்ளத்தைக் கடைந்து வெளியேறும் வழி விட வேண்டும். இல்லையென்றால் பம்ப் போட்ட அடுத்த நொடி 50 நானோமீட்டர் சவ்வு உடையும். வழி இருந்தாலும் முதல் சில நிமிடம் ஊசி வால்வு வழியே மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். காற்றை உள்ளே விடும்போதும் அப்படியே.

கியூவை அளக்க உச்சியின் அகலத்தை நம்ப வேண்டாம், 0.4 ஹெர்ட்ஸ் அகலத்தை அதிர்வெண் நகர்வு மறைத்துவிடும். அடியில் ஒட்டிய பியசோ வில்லையால் ஒத்ததிர்வில் ஆட்டி, சட்டென நிறுத்தி, அடங்குவதைப் பதிவுசெய்யுங்கள். 400 கிலோஹெர்ட்ஸில் பத்து லட்சம் கியூவுக்கு அடங்கும் காலம் 0.8 விநாடி. பியசோவுக்குப் போகும் கம்பி செம்பாக இருக்கக் கூடாது, மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் கம்பி போடுங்கள். செம்புக் கம்பி அறையின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும்.

லேசர் சவ்வைச் சூடாக்குகிறதா என்று சோதிக்க, மேடையின் வெப்பநிலையை மாற்றாமல் ஐந்து வெவ்வேறு ஒளித்திறனில் உச்சியின் பரப்பை எடுத்து வரைந்து பூச்சிய ஒளிக்கு நீட்டுங்கள். கோடு சாய்ந்தால் மேடையின் உணரி காட்டும் 4 கெல்வின் சவ்வின் வெப்பநிலை அல்ல.

ஈரமும் உப்பும்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. 30 டிகிரி செல்சியஸ், 75 விழுக்காடு ஈரப்பதம் என்பது சாதாரண நாள். அந்தக் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரி. வெளிச்சாளரம் உள்ளே இருக்கும் குளிரை நோக்கித் தன் வெப்பத்தை இழந்துகொண்டிருப்பதால் அறையைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத படலமாக ஈரம் படியும், ஒளி சிதறும், வரியின் மாறுபாடு குறையும். அறையை 25 டிகிரியில் 50 விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவந்தால் பனிநிலை 14 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏசி மட்டும் போதாது, தனி ஈரநீக்கி வேண்டும். கருவியின் பட்டியலிலேயே அதையும் சேர்த்துவிடுங்கள்.

உள்ளே இருக்கும் ஈரம் இதைவிடப் பெரிய எதிரி. குளிரும்போது நீராவி முதலில் குளிரும் பரப்பில் உறையும். சவ்வின் மேல் 1 நானோமீட்டர் பனி படிந்தால் அதன் நிறை 0.6 விழுக்காடு கூடும், அதிர்வெண் 1.2 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். நிலையான வெப்பநிலையில் அதிர்வெண் மணிக்கணக்கில் ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போனால், அது பனிதான். தடுக்கும் வழி இது: குளிரத் தொடங்கும்போது மாதிரி மேடையின் ஹீட்டரைப் போட்டு அறை வெப்பநிலையிலேயே வைத்திருங்கள், கவசம் 100 கெல்வினுக்குக் கீழே போகட்டும், நீராவி அங்கே உறையட்டும். அதன்பிறகு ஹீட்டரை நிறுத்துங்கள். ஹீட்டர் இல்லாத மேடையோடு வரும் கருவியை வாங்கவே வேண்டாம்.

திறப்பதற்கு முன் உள்ளே எல்லாப் பகுதியும் 295 கெல்வினைத் தாண்டியிருக்க வேண்டும், நிரப்புவது உலர்ந்த நைட்ரஜன் வாயுவாக இருக்க வேண்டும். ஒருமுறை மழைக்காலக் காற்றை உள்ளே விட்டால், உட்கவசத்தைச் சுற்றிய பளபளப்பான மைலார் சுற்றுகள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நாள்கணக்கில் விட்டுக்கொண்டிருக்கும். பம்ப் எண்ணெய் ரோட்டரியாக வேண்டாம். டர்போ பம்பும் எண்ணெயில்லா ஸ்க்ரோல் பம்பும் போதும். 0.0001 மில்லிபார் வந்தபின் குளிரூட்டத் தொடங்கி, குளிர்ந்தபின் வால்வை அடைத்து டர்போவை நிறுத்திவிடலாம். குளிர்ந்த பரப்பே மீதியைப் பிடித்துக்கொள்ளும், பம்பின் அதிர்வும் போய்விடும்.

கடற்கரைக் கல்லூரிகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். காற்றால் குளிரும் கம்ப்ரசரின் அலுமினியத் தகடுகளைக் கச்சான் காற்று கொண்டுவரும் உப்பு அரிக்கும். கம்ப்ரசரைச் சன்னலோரம் வைக்காமல் உள்ளறையில் வைத்து, சூட்டை மட்டும் வெளியேற்ற வேண்டும். நீரால் குளிரும் பெரிய கம்ப்ரசர் என்றால் கிணற்று நீரை நேரடியாக விடவே கூடாது, வடிநீர் சுற்றும் தனிச் சில்லர் வேண்டும். இரண்டாவது, மணல். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் கார்னெட்டும் சிர்க்கானும் உண்டு, இரண்டும் கடினமானவை. செருப்போடு வரும் ஒரு துகள் ஓ-ரிங் பள்ளத்தில் விழுந்து இறுக்கப்பட்டால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வெற்றிடத்தை எப்போதும் கசியவைக்கும். அறைக்குள் வெளிச் செருப்பை விடக் கூடாது. மூடுமுன் பள்ளத்தை ஐசோபுரொப்பனால் தோய்த்த துணியால் துடைக்கும் பழக்கம் வேண்டும்.

மின்வெட்டு வந்தால் என்ன ஆகும்? மேடை ஒரு நிமிடத்துக்குள் 10 கெல்வினைத் தாண்டும். இன்னும் சூடானால் குளிரில் பிடிபட்டிருந்த வாயு எல்லாம் ஒன்றாக விடுபடும். அழுத்தம் வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு கட்டாயம். சிறிய கம்ப்ரசர் 1.3 கிலோவாட் அளவில்தான் எடுக்கும் என்றாலும் தொடங்கும் கணத்தில் பல மடங்கு இழுக்கும் என்பதால் 5 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ்ஸுக்குக் குறைத்து வாங்க வேண்டாம். மின்சாரம் திரும்பியதும் கம்ப்ரசர் உடனே ஓடாமல் சில நிமிடம் தாமதித்துத் தொடங்கும் ரிலேயும் வேண்டும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, கிஃபர்ட்-மக்மஹோன் தலையின் சீல்களுக்கு 10,000 மணி நேரத்தை ஒட்டி மாற்று வரும். நிறுத்தாமல் ஓட்டினால் ஓராண்டுக்குச் சற்றே கூடுதல். பல்ஸ் டியூப் அதைவிட நீண்டு உழைக்கும், விலை கூடுதல், பெரிய கம்ப்ரசர் கேட்கும். ஹீலியம் குழாய்களைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் பிடித்துத் திருகுங்கள். ஒரே ஸ்பேனரால் திருகினால் உள்ளே தானாக மூடும் இணைப்பு சேர்ந்து சுழன்று கசியும். பிறகு 99.999 விழுக்காடு தூய ஹீலியம் கிடைக்கும் வரை கருவி நிற்கும்.

ஏற்புச் சோதனை

கோடி ரூபாய் அளவுக்குப் போகும் கருவி இது. அடிமட்ட வெப்பநிலையை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கும் ஏற்புச் சோதனைக்குச் சம்மதிக்க வேண்டாம். கொள்முதல் ஆணையிலேயே இவற்றை எழுதுங்கள். இரு சாளரங்களும் பொருத்தி, அறை விளக்கு எரிய, 1 மில்லிவாட் லேசர் மேடையில் விழ, மேடையிலேயே உள்ள உணரி 5 கெல்வினுக்குக் கீழே 24 மணி நேரம் நிற்க வேண்டும். மேடையில் ஒரு சாதாரணக் கண்ணாடியை ஒட்டி, நம் குறுக்கீட்டுமானியாலேயே கம்ப்ரசர் ஓடும்போது வரி எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு துடிப்புக்குக் கால் வரிக்கு மேல் போனால், அதாவது 80 நானோமீட்டரைத் தாண்டினால், செம்பு இழைகளைச் சரிசெய்யும் வரை ஏற்கக் கூடாது. மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பாதுகாப்பு வால்வும் தாமத ரிலேயும் வேலை செய்வதைக் காட்ட வேண்டும். உதிரியாகச் சாளர ஓ-ரிங்குகள் இரண்டு செட், ஒரு வெளிச்சாளரம், ஒரு உட்சாளரம், இண்டியம் கம்பி, இரண்டாவது வெப்பநிலை உணரி ஆகியவை முதல் தவணைப் பணத்தோடு வந்திருக்க வேண்டும். இந்தச் சோதனைகளை ஒருமுறை வறண்ட மாசி பங்குனியிலும், மறுமுறை ஐப்பசி மழையிலும் செய்து காட்டிய பிறகே கடைசித் தவணை.